ஸ்டெதாஸ்கோப் தொடாத வைத்தியர்



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு வாழ்க்கை வரலாறு இருந்தே ஆக வேண்டும். எடிசன், விசுவேசுவரய்யா, ஜி.டி. நாயுடு, சர் சி.வி. ராமன் என்று நம் சீனியர்கள் பெரியவர்களை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இந்த வருடம் நான் எடுத்துக்கொண்ட பெயர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். யாருப்பா அது, கிரிக்கெட் ஆடுறவரா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மருத்துவ ஆராய்ச்சி செய்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்காத குறையாக மரியாதை கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கியவரும் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க உருவாக்கியவை படிவங்களும், பதிவேடுகளும், அட்டவணைகளும்தான். அந்தப் படிவங்கள்தான் காசநோய்க்கு எந்த மருந்து வேலை செய்யும், சிகரெட் மனிதனை என்ன செய்யும் என்று உலகத்துக்குச் சொல்லின. கம்ப்யூட்டர் பிரிவில் டேட்டாபேஸ் படிக்கும் எனக்கு இவரைவிடப் பொருத்தமான ஹீரோ கிடைக்கவில்லை. ஐம்பது வருடம் ஓடக்கூடிய ஒரு தகவல் அமைப்பை எப்படிக் கட்டுவது என்பதை இவர் வாழ்க்கையிலிருந்தே படித்துவிடலாம்.

மூச்சு முட்டிய இளமை

ஹில் 1897 ஜூலை 8-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா சர் லெனார்டு ஹில் பெயர் பெற்ற உடலியல் விஞ்ஞானி. குடும்பத்தில் இன்னொரு பெரிய மனிதரும் உண்டு. 1840-இல் ஒரு பென்னி தபால் முறையைக் கொண்டுவந்த ரோலண்டு ஹில், நம்மவருடைய கொள்ளுத் தாத்தாவின் சகோதரர். தபாலுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டாக்டராக வேண்டும் என்பதுதான் பையனின் ஆசை. முதல் உலகப் போர் குறுக்கே வந்தது. கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்து விமானி ஆனார். ஏஜியன் கடல் பகுதியில் பணியில் இருந்தபோது, 1917-இல், காசநோய் பிடித்தது. அன்றைக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மிச்சமெல்லாம் ஆண்டவன் விட்ட வழி. முழு ஊனம் என்று கணக்கில் எழுதி அரசாங்கம் ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டது. மனிதர் அந்த ஓய்வூதியத்தை எழுபது வருடங்களுக்கு மேல் வாங்கினார்! ஒரு நோயாளியைச் சில மாதம் பார்த்துவிட்டு அவசரப்பட்டு முடிவு எழுதக் கூடாது என்பதற்கு அவரே சாட்சி.

படுக்கையில் கிடந்தவருக்கு மருத்துவக் கல்லூரி எட்டாக்கனி ஆகிவிட்டது. சும்மா இருக்காமல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டப் படிப்பை அஞ்சல் வழியில் படித்து 1922-இல் தேறினார். வெறும் டிப்ளமோதானே என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும். வெறும் தபால் படிப்புதானே என்று அவரையும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

அப்பாவின் பழைய மாணவர் மேஜர் கிரீன்வுட் அப்போது மருத்துவப் புள்ளியியலில் முன்னணியில் இருந்தார். (மேஜர் என்பது பதவி அல்ல, பெயரே அதுதான்.) எஸ்ஸெக்ஸ் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் ஏன் வெளியேறுகிறார்கள், அவர்கள் ஆரோக்கியம் எப்படி இருக்கிறது என்று ஆராயும் வேலையை அவர் மூலமாக ஹில் பெற்றார். கூடவே லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் பியர்சன் நடத்திய புள்ளியியல் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். கணக்கை இப்படி வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டவர், 1937-இல் டாக்டர்களுக்குப் புரியும் மொழியில் லான்செட் பத்திரிகையில் ஒரு தொடர் எழுதினார். கடினமான சூத்திரம் கிடையாது. எதை எண்ணுகிறோம், யாரோடு ஒப்பிடுகிறோம், யாரை விட்டுவிட்டோம் என்ற மூன்று கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டார். அது புத்தகமாகிப் பல பதிப்புகள் கண்டது. 1945-இல் கிரீன்வுட்டின் இடத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

உறைக்குள் ஒட்டிய சீட்டு

1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் மருந்து! போரில் நொடித்துப் போயிருந்த பிரிட்டனுக்குக் கொஞ்சம் மருந்துதான் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. சரி, யாருக்குக் கொடுப்பது?

டாக்டரே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? பிழைக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கோ, பார்க்கப் பரிதாபமாக உள்ளவருக்கோ கொடுத்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மனித மனசு அப்படி. ஆனால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒருவர் விட்டு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றால், அடுத்து வருபவருக்கு எது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஹில் செய்த ஏற்பாடு எளிமையானது. குலுக்கல் எண்களைக் கொண்டு முன்பே தீர்மானித்து, ஒவ்வொரு சீட்டையும் தனித்தனி உறையில் ஒட்டி வைத்தார். நோயாளி ஆராய்ச்சிக்குத் தகுதியானவர் என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, அது மருந்து பெற்றவர் படமா பெறாதவர் படமா என்பதைச் சொல்லவில்லை.

107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் முதல் குழுவில் 4 பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 14 பேர். 1948 அக்டோபரில் முடிவு வெளிவந்தது. மருந்துக்கு வெற்றி!

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் அதே நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் உயிரோடு இல்லை. ஆறு மாதத்தில் மலை போல் தெரிந்த வித்தியாசம் ஐந்து வருடத்தில் மேடாகிவிட்டது. காரணம், ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. ஒரு மருந்தோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற வழி அதற்குள் இன்னொரு ஆராய்ச்சியில் தெரிந்திருந்தது.

நண்பர்களே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆறாவது மாதத்தோடு நோட்டை மூடி வைத்திருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும். இந்த 107 பேர் எங்கே குடிபோனார்கள், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தேடி எழுதிய பதிவேடுதான் மீதி உண்மையைச் சொன்னது.

சேத்துப்பட்டுக்கு வந்த முறை

அந்த ஐந்து வருடக் கணக்கை எடுத்தவர்களில் ஒருவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். அவர் அடுத்து எங்கே வந்தார் தெரியுமா? நம்ம சென்னைக்கு!

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இப்போது அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் கடற்கரை பக்கம் போகும் ரயிலில் ஏறினால் மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், அடுத்தது சேத்துப்பட்டு. எதிர்த் திசையில் போனால் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனுக்குப் பெயரே சானடோரியம். காசநோயாளிகளை ஊருக்கு வெளியே வைத்து வைத்தியம் பார்த்த இடத்தின் பெயர் அது. சேத்துப்பட்டு மையம் எடுத்துக்கொண்ட கேள்வியும் அதைப் பற்றியதுதான். நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் குணமாகுமா? வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். வீட்டு வைத்தியம் பலிக்காது என்றால் ஏழைகளுக்கு வழியே இல்லை. எங்கள் பாட்டி காலத்தில் டி.பி. வந்தவருக்குத் தட்டும் தம்ளரும் தனி, பேச்சுத் துணையும் கிடையாது. அந்த நோயாளி வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றிக்கொள்ளாதா என்ற பயம் வேறு.

ஹில் வகுத்த அதே முறை. சென்னையின் நெரிசலான ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள், குலுக்கலில் இரண்டு குழு, இருவருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். ஒரு குழு சானடோரியத்தில், மற்றது வீட்டில். வீட்டில் இருப்பவர் மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்பதை அவர் வாய்வார்த்தையாக எழுதிக்கொள்ளவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்து வாங்க வராதவர் வீட்டுக்கு ஆள் போனது. அதையெல்லாம் தேதி போட்டு எழுதினார்கள்.

1959-இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு எவ்வளவு குணமோ, ஏறக்குறைய அவ்வளவு குணம் வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சியோடு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும்! ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் அதே கதைதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. உலக நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. சென்னையின் சந்து பொந்துகளில் எழுதப்பட்ட பதிவேடு உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது என்றால் அது மிகையில்லை.

அதைவிடப் பெரிய பதிவேடும் நம் பக்கத்தில்தான் உண்டு. 1968-இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில், பி.சி.ஜி. தடுப்பூசி ஆராய்ச்சி தொடங்கியது. சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ அதே போன்ற வெறும் ஊசியோ போட்டார்கள். எது எவருக்கு என்பது குறியீட்டில் மட்டும். பிறகு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சுற்றிவந்து, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு கிடைத்தது. கசப்பானாலும் உண்மை உண்மைதானே! அத்தனை பேரின் எண்ணும் ஊரும் ஒழுங்காக இருந்ததால்தான் அந்த முடிவை உலகம் தட்டிக்கழிக்க முடியவில்லை.

60,000 டாக்டர்களுக்கு ஒரு கடிதம்

இனி லண்டனுக்குத் திரும்புவோம். போருக்குப் பிறகு பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் கிடுகிடுவென ஏறின. தார் ரோடா, கார்ப் புகையா, தொழிற்சாலையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஹில்லும் இளம் டாக்டர் ரிச்சர்டு டாலும் லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கேள்வி கேட்க ஏற்பாடு செய்தார்கள். 1950-இல் வந்த முடிவில், புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேர்தான். ஒப்பீட்டுக்கு எடுத்த அதே எண்ணிக்கை ஆண்களில் 27 பேர் புகைக்காதவர்கள்.

கேள்வி கேட்டவர்களே நோயைத் தெரிந்துகொண்டு பதிலைச் சாய்த்து எழுதியிருக்கலாமே என்று சந்தேகம் வரும் இல்லையா? அதற்கும் பதிவேட்டிலேயே பதில் இருந்தது. முதலில் நுரையீரல் புற்றுநோய் என்று கருதி, பிறகு அது இல்லை என்று தெரிந்த சிலர் இருந்தார்கள். அவர்களுடைய புகைப் பழக்கம் மற்ற நோயாளிகளைப் போலவே இருந்தது. ஆக, கேள்வி கேட்டவர் சாய்க்கவில்லை. முதலில் எழுதிய நோயின் பெயரை அழித்துவிடாமல், பிறகு தெரிந்ததையும் பக்கத்தில் வைத்திருந்ததால் கிடைத்த சாட்சி இது!

ஆனாலும் நோய் வந்த பிறகு கேட்பது ஒரு விதம், நோய் வருமுன் கேட்டுவைத்துக் காத்திருப்பது இன்னொரு விதம். ஹில் இரண்டாவதைத் தேர்ந்தார். 1951 அக்டோபர் 31-ஆம் தேதி, பிரிட்டனின் சுமார் 60,000 டாக்டர்களுக்குத் தபாலில் ஒரு சின்னப் படிவம் போனது. ரோலண்டு ஹில்லின் வாரிசு அல்லவா! ஏன் டாக்டர்கள்? மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும் என்பதால் அவர்கள் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். இறந்தால் சான்றிதழும் அரசுப் பதிவாளரிடம் கிடைக்கும். படிவத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கேள்விகள். புகைக்கிறீர்களா, முன்பு புகைத்து விட்டுவிட்டீர்களா, எப்போதுமே இல்லையா, எவ்வளவு என்ற அளவில்தான். கேள்வி குறைவாக இருந்ததால் 40,000 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். பத்துப் பக்கப் படிவமாக இருந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போயிருக்கும்.

1954-இல் முதல் கணக்கு வந்தது. 35 வயதைத் தாண்டிய ஆண் டாக்டர்களில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அந்த 36 பேரும் புகைத்தவர்கள். அதோடு நிறுத்தவில்லை. பல வருட இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் கடிதம் போனது. 1961-இல் ஹில் ஓய்வு பெற்றார், அதே வருடம் சர் பட்டமும் வந்தது. 1965-இல் ஒரு புகழ்பெற்ற உரையில், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்வதற்கு முன் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய ஒன்பது விஷயங்களை வகுத்துத் தந்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி, 93-ஆம் வயதில் காலமானார். காசநோயில் போய்விடுவார் என்று 1917-இல் எழுதப்பட்ட அதே மனிதர்!

அவர் போன பிறகும் பதிவேடு ஓடியது. 34,439 ஆண் டாக்டர்களின் 50 வருடக் கணக்கு 2004-இல் வெளிவந்தது. அதற்குள் அவர்களில் 25,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். காலமெல்லாம் சிகரெட் பிடித்தவர் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழக்கிறார். 60 வயதில் விட்டால் 3, 50-இல் விட்டால் 6, 40-இல் விட்டால் 9, 30-இல் விட்டால் கிட்டத்தட்ட 10 வருடமும் திரும்பக் கிடைக்கும். டீக்கடை வாசலில் பற்ற வைக்கும் நண்பர்களுக்கு நான் தனியாக உபதேசம் செய்யத் தேவையில்லை. 34,439 டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் ப்ராஜெக்டுக்கு என்ன சேதி?

ப்ராஜெக்ட் என்றதும் நாம் முதலில் செய்வது என்ன? ஸ்கிரீனுக்கு என்ன கலர் என்று யோசிப்பதுதான். ஹில் முதலில் கேள்வியை முடிவு செய்தார், அதற்குத் தேவையானதை மட்டும் கேட்டார். டேபிள் வடிவமைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து ஆள் அடையாளம். நம்ம ஊரில் ஒரே தெருவில் மூன்று முருகன் இருப்பார்கள். கல்யாணம் ஆனதும் பெண்ணின் இனிஷியல் மாறும். கதவில் பழைய எண், புது எண் என்று இரண்டு இருக்கும். வயது கேட்டால், பெரிய மழை வந்த வருஷம் பிறந்தேன் என்பார் தாத்தா. ஆகவே பெயரும் முகவரியும் அடையாளம் ஆகாது. முதல் நாளிலேயே ஒரு எண் கொடுத்து, அதை ஆயுளுக்கும் மாற்றக் கூடாது. பெயரும் முகவரியும் ஒரு டேபிளில், நோய் விவரம் இன்னொன்றில், இரண்டையும் சேர்க்கும் சாவி பொறுப்பானவரிடம். நோயாளியின் மானம் நம் கையில் இருக்கிறது அல்லவா!

மூன்றாவது, காலம். ஒருவர் 1951-இல் புகைத்தார், 1957-இல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டேபிளில் புகைப்பவரா என்று ஒரே ஒரு கட்டம் வைத்து, ஆம் என்பதை அழித்து இல்லை என்று போட்டால், இருபது வருடப் புகை ஒரே கீ அழுத்தத்தில் காணாமல் போய்விடும்! ஒவ்வொரு தடவைக்கும் தேதியோடு தனி வரிசை வேண்டும். புதியது பழையதன் மேல் ஏறி உட்காரக் கூடாது.

நான்காவது, காலியிடம். இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு, கேட்கவே இல்லை என்பது வேறு. மூன்றுக்கும் தனிக் குறியீடு வேண்டும். நோயாளி வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்பதும் ஒரு தகவல்தான். ஊர் மாறினாரா, குணமாகி அலட்சியமா, இறந்துவிட்டாரா? வராதவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் எண்ணினால், எந்த மருந்தும் அமிர்தமாகத்தான் தெரியும்.

ஐந்தாவது, திருத்தம். லேப் ரெக்கார்டில் ஒயிட்னர் போடக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போடணும்னு சார் திட்டுவாரே, அதே விதி இங்கேயும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், தேதி, காரணம் எல்லாம் அமைப்பே தானாகப் பதிய வேண்டும். முக்கியமான விவரங்களை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிடுவதும் நல்ல பழக்கம். ஒட்டிய உறையின் வேலையை இன்று பாஸ்வேர்டும் அனுமதிகளும் செய்ய வேண்டும். எக்ஸ்ரே பார்ப்பவரின் திரையில் எந்த மருந்து என்ற கட்டமே தெரியக் கூடாது.

ஆறாவது, ஆயுள். 50 வருடத்தில் எத்தனை இயந்திரங்கள்! துளையிட்ட அட்டை போய், காந்த நாடா போய், ஃபிளாப்பி போய், சி.டி.யும் போய்விட்டது. இயந்திரம் போனாலும் தகவல் போகாமல் இருக்க, எவரும் திறக்கக்கூடிய எளிய வடிவில் ஒரு நகலும், 1 என்றால் என்ன, 9 என்றால் என்ன என்று சொல்லும் குறியீட்டுப் புத்தகமும் கட்டாயம். ஹில் பிறந்த வருடத்தை 97 என்று இரண்டு இலக்கத்தில் எழுதினால் 1897-ஆ 1997-ஆ? 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகமே பதறியது இதற்குத்தான். நகலை ஒரே கட்டடத்தில் வைப்பதும் ஆபத்து. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டைக்குள் வந்தபோது ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும் நனைந்து கூழானதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை

டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதல் வேலை டேட்டா என்ட்ரியாக இருக்கலாம். வெறும் டேட்டா என்ட்ரியா என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். ஆறு மாதத்தில் ஜெயித்த மருந்து ஐந்து வருடத்தில் தடுமாறியதைக் கண்டுபிடித்தது ஒரு பதிவேடு. குடிசையில் இருந்தபடியே குணமாகலாம் என்று ஏழைக்குத் தைரியம் சொன்னது ஒரு பதிவேடு. அவற்றின் ஒவ்வொரு கட்டத்தையும் பெயர் தெரியாத யாரோ ஒருவர் கவனமாக நிரப்பியிருக்கிறார். தேதியை மாற்றிப் போட்டிருந்தாலோ, வராதவரைத் தேடிப் போகாமல் வந்ததாக எழுதியிருந்தாலோ, ஹில்லின் மூளையே வந்தாலும் உண்மை வெளிப்பட்டிருக்காது.

நீண்ட கால ஆராய்ச்சியை ஆரம்பிப்பவர் முடிவைப் பார்க்க மாட்டார். ஹில்லும் ஐம்பதாவது வருடக் கணக்கைப் பார்க்கவில்லை. தனக்குப் பிறகு நாற்காலியில் உட்காரப் போகும், முகம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதி வைத்துவிட்டுப் போனார். தோழர்களே, நாமும் கட்டும் அமைப்பு எதுவானாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். நாம் இல்லாத நாளில் இதைத் திறப்பவருக்கு உண்மை கிடைக்குமா? கிடைக்கும் என்றால், நாமும் ஸ்டெதாஸ்கோப் தொடாத வைத்தியர்கள்தான்!